விழுந்து கொடுக்கும் எதிரிகள்

கான்டனீஸ் படத்தில் சண்டை தொடங்கியதும் நிமிர்ந்து உட்காரும் தமிழர்கள் மலேசியாவில் நிறையவே இருக்கிறார்கள். யோங் பெங்கிலிருந்து லாபிஸ் செல்லும் பழைய சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சாஆ போன்ற ஜொகூர் சிற்றூர்களில் இது புதிய பழக்கமும் இல்லை. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர்களில் ஒருவர் வீட்டுப் படம் இன்னொருவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வசனத்தைப் பிடிக்க மலாய்த் துணையெழுத்தை விரட்டிக்கொண்டிருந்த கண், சண்டை வந்ததும் எழுத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கத் தொடங்குகிறது. ஆனாலும் இந்த ரசனையைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது குரலில் ஒரு கூச்சம் ஒட்டிக்கொள்கிறது. சும்மா அடிதடிப் படம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். இசையையும் நடனத்தையும் ரசிப்பது பண்பாடு, சண்டையை ரசிப்பது வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு என்பது என் உறுதியான கருத்து. நல்ல கான்டனீஸ் சண்டைக் காட்சி, உழைப்பும் ஒழுங்கும் கற்பனையும் சேர்ந்து பிறக்கும் கலை. அதை மனமார ரசிக்கத் தெரிந்தவர்கள் கூச்சப்படத் தேவையில்லை. அதே தரத்தைத் தமிழ்ப் படங்களிடமும் கேட்டு வாங்க வேண்டும்.

இதை விளக்க, 1981-இல் சாமோ ஹங் இயக்கிய 'தி ப்ராடிகல் சன்' படத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. ஃபோஷான் நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் தன்னை ஊரிலேயே பெரிய வீரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் மோதும் ஒவ்வொருவரும் அவன் கையால் அடிபட்டு விழுகிறார்கள். உண்மை என்னவென்றால், பிள்ளைக்குக் காயம் பட்டுவிடக் கூடாதே என்று வீட்டார் எதிரிகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து விழச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் ஊருக்கு வந்த நாடகக் குழுவில் பெண் வேடம் கட்டும் நடிகர் ஒருவரிடம் அவன் வாலாட்டுகிறான். அந்த நடிகர் காசு வாங்காதவர். விங் சுன் தற்காப்புக் கலையில் தேர்ந்தவர். அடி விழுந்த பிறகுதான் தன் வெற்றிகள் எல்லாமே விலைக்கு வாங்கியவை என்று அவனுக்குப் புரிகிறது. வெட்கப்பட்ட அந்த இடத்திலிருந்தே அவன் உண்மையாகக் கற்கத் தொடங்குகிறான். யுவென் பியாவும் லாம் சிங்-யிங்கும் நடித்த இந்தப் படம், சண்டைக் கலையைப் பற்றிச் சண்டையாலேயே பேசிய படம். சண்டை அமைப்புக்கென்று ஹாங்காங் திரைப்பட விருது 1983-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றதும் இதுதான். இன்றைய தமிழ்ப் படங்களின் கதாநாயகர்களில் பலர் அந்தப் பணக்காரப் பிள்ளையின் நிலையில்தான் இருக்கிறார்கள். எதிரிகள் விழுந்து கொடுக்கிறார்கள். நாயகர்கள் வென்றதாக நாமும் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

கான்டனீஸ் சண்டையில் நம்மைக் கட்டிப்போடுவது எது? திரைப்பட அறிஞர் டேவிட் போர்ட்வெல் ஹாங்காங் சினிமாவைப் பற்றி 2000-இல் எழுதிய நூலில் இதற்குத் தெளிவான விடை தந்திருக்கிறார். அசைவு, சட்டென்று ஒரு நிறுத்தம், மீண்டும் அசைவு என்ற தாளக்கட்டில் அந்தச் சண்டைகள் அமைகின்றன என்பது அவர் கணிப்பு. நான்கைந்து அடிகள் மின்னலாக வரும். பிறகு இருவரும் ஒரு நொடி சிலையாக நிற்பார்கள். யார் கை எங்கே இருக்கிறது, யார் எடை எந்தக் காலில் இறங்கியிருக்கிறது, அடுத்த அடி எங்கிருந்து புறப்படும் என்று கணக்குப் போட அந்த ஒரு நொடி நமக்குக் கிடைக்கிறது. கேமரா பெரும்பாலும் தள்ளி நின்று, இருவரையும் தலை முதல் கால் வரை காட்டுகிறது. அடிக்கும் கை புறப்படுவதும் அது போய்ச் சேருவதும் ஒரே ஷாட்டில் தெரிவதால் கண் ஏமாறுவதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ரசனை எளிதில் பிடிபடும். ரப்பர் மரம் சீவுகிறவரின் கத்தி பட்டையில் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு, பழகிய கை எது, பாசாங்குக் கை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்ச்சியை அடையாளம் கண்டு மகிழ்வதுதான் இந்த ரசனையின் அடிப்படை. அடிபடுகிறவனின் வலியில் காணும் இன்பத்துக்கு இதில் வேலையே இல்லை.

இந்தத் தேர்ச்சி ஒரே நாளில் வந்ததும் இல்லை. குவான் தாக்-ஹிங் நடித்த வோங் ஃபே-ஹுங் படவரிசை 1949-இல் தொடங்கி எழுபதுக்கும் மேற்பட்ட படங்களாக வளர்ந்தது. மந்திர மாயங்களுக்குப் பதிலாக உண்மையான தற்காப்புக் கலைஞர்களை நிறுத்தி அடிமுறைகளைக் காட்டிய படங்கள் அவை. வோங் ஃபே-ஹுங் குவாங்டோங் மாநிலத்தில் வாழ்ந்த வைத்தியர், ஆசான். அவருடைய மாணவர் லாம் சாய்-விங்; அவரிடம் கற்றவர் லாவ் சாம்; லாவ் சாமின் மகன்தான் '36-ஆம் ஷாலின் கூடம்' (1978) படத்தை இயக்கிய லாவ் கார்-லியுங். ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனத்தில் அவர் அமைத்த சண்டைகள் திரைக்கு வந்தது பெரும்பாலும் மாண்டரின் பேச்சோடுதான். உடம்பு பேசியது அந்தக் கான்டனீய குரு மரபின் மொழியை. இன்னொரு பக்கம், ஜாக்கி சானும் சாமோ ஹங்கும் யுவென் பியாவும் ஆசான் யு ஜிம்-யுவெனின் பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டவர்கள். பிரம்படி நிறைந்த அந்தப் பயிற்சி முறையை யாரும் இன்று சிபாரிசு செய்ய முடியாது. ஆனால் கரணம், பாய்ச்சல், ஆயுதப் பயிற்சி, மேளத்துக்கு ஏற்ப நிற்றல் என்று வருடக்கணக்கில் பழகிய உடம்புகள் அங்கிருந்துதான் திரைக்கு வந்தன.

தமிழ்ச் சினிமாவின் தொடக்கமும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் ஆட்டமும் வாள்வீச்சும் கற்றுக்கொடுத்த பாய்ஸ் கம்பெனி மரபில் இருந்து வந்தவர் எம்.ஜி.ஆர். எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) முடிவில் எம்.கே. ராதாவும் ரஞ்சனும் இடும் நீண்ட வாள்சண்டையை இன்றைக்குப் பார்த்தாலும் இருவரின் மணிக்கட்டும் காலடியும் தெளிவாகத் தெரிகின்றன. 'பெரிய இடத்துப் பெண்' (1963) படத்திலும், 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியும் எம்.ஜி.ஆர். சிலம்பம் வீசும்போது கம்பின் முழு வீச்சையும் காட்டும் தூரத்தில்தான் கேமரா நிற்கிறது. 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வாள்சண்டையில் நம்பியாரை எளிதில் சாய்த்துவிட முடியாத எதிராளியாகவே காட்டினார்கள். எம்.ஜி.ஆர். வெல்வார் என்று அரங்கிலிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் எப்படி வெல்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இன்று அந்த 'எப்படி' காணாமல் போயிருக்கிறது. கை ஓங்குவது ஒரு ஷாட், மெதுவோட்டத்தில் நாயகன் முகம் அடுத்த ஷாட், சுவரை உடைத்துக்கொண்டு பறக்கும் ஆள் மூன்றாவது ஷாட் என்று வெட்டி ஒட்டுகிறார்கள். அடி விழுந்த கணம் எந்த ஷாட்டிலும் இருப்பதில்லை. பின்னணி இசை அந்த ஓட்டையை அடைக்கிறது.

இதற்குக் காரணம் நம்மிடம் ஆள் இல்லாததோ திறமை இல்லாததோ இல்லை. ஜூடோ ரத்தினம் முதல் இன்றைய அன்பறிவ் இரட்டையர்வரை தமிழ்ச் சண்டைப் பயிற்சியாளர்களுக்குப் பெரும் மரபு இருக்கிறது. குறை, நாயகன்மேல் அடி விழக் கூடாது என்ற எழுதப்படாத சட்டத்தில் இருக்கிறது. 'ட்ரங்கன் மாஸ்டர்' (1978) படத்தில் இளம் வோங் ஃபே-ஹுங்காக வரும் ஜாக்கி சான் முதலில் தோற்று அவமானப்படுகிறார், அழுகை வரும்வரை பயிற்சி செய்கிறார், பிறகுதான் ஜெயிக்கிறார். அவருடைய 'போலீஸ் ஸ்டோரி' (1985) முடிவில் வணிக வளாகத்தின் மேல்மாடியிலிருந்து மின்விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துச் சறுக்கிக் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுகிறார். அதை வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். இதைச் செய்தவன் மனிதன், அவனுக்கும் வலிக்கும் என்று அந்தக் காட்சி நமக்குச் சொல்கிறது. வலிக்காத நாயகனின் வெற்றிக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? ஐம்பது பேரை ஒரே மூச்சில் சாய்க்கிறவனைப் பார்த்து நாம் விசில் அடிக்கலாம். அவனுக்காகப் பதைக்க முடியாது.

இதெல்லாம் சீனர் பண்பாடு, நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்க் கற்றுக்கொடுத்த கலைதானே என்று பதிலுக்கு மார்தட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லாத பேச்சு. போதிதர்மரைச் சண்டைப் பயிற்சியோடு இணைக்கும் நூல் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. நமக்கு இருக்கும் உண்மையான உறவு பக்கத்திலேயே இருக்கிறது. குங் ஃபூ படங்களால் உலகப் புகழ்பெற்ற ஷா சகோதரர்கள், அதற்கு முன்பே சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்கள் எடுத்தார்கள். இயக்க வந்தவர்களில் பலர் இந்தியர்கள். பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். பணி மஜும்தார் இயக்கிய 'ஹாங் துவா' (1956) படத்தில் சீனர் முதலீட்டில், இந்தியர் இயக்கத்தில், மலாய் வீரனின் கிரிஸ் சண்டை திரைக்கு வந்தது. பின்னாளில் 'போலீஸ் ஸ்டோரி 3' (1992) படத்துக்காக ஜாக்கி சான் கோலாலம்பூர் வானத்தில் ஹெலிகாப்டரில் தொங்கினார். அதே படத்தில் ஓடும் ரயில்மேல் மோட்டார் சைக்கிளைப் பாய்ச்சிய மிஷல் இயோ ஈப்போவில் பிறந்தவர். அவர் முறையாகக் கற்றது பாலே நடனம். தற்காப்புக் கலையைப் படப்பிடிப்புகளில் பழகிக்கொண்டார். 2023-இல் ஆஸ்கார் வாங்கிய அவருடைய வாழ்க்கையே, சண்டைக்கும் நடனத்துக்கும் இடையே நாம் எழுப்பும் சுவருக்குப் பதில் சொல்லிவிடுகிறது. இந்தக் கலை இந்த மண்ணின் பொதுச் சொத்துகளில் ஒன்று. அதை ரசிக்க நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வன்முறையைக் கலை என்று போற்றினால் இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்பது இன்னும் கனமான எதிர்ப்பு. குண்டர் கும்பல்களால் பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகம் நாம். ஆகவே இந்த அச்சத்தை நான் சிறிதும் அலட்சியம் செய்யவில்லை. ஹாங்காங்கிலும் ரத்தம் தெறிக்கும் படங்கள், கும்பல் தலைவர்களைத் தூக்கிப்பிடிக்கும் படங்கள் வந்திருக்கின்றன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் எந்தக் காட்சி எதைப் போற்றுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாராங்கத்தியோடு பத்துப் பேர் ஒருவனைச் சூழ்வதை மெதுவோட்டத்தில் காட்டி இசை போட்டால், அங்கே போற்றப்படுவது கூட்டமும் கத்தியும்தான். புரூஸ் லீயின் 'வே ஆஃப் தி டிராகன்' (1972) முடிவைப் பாருங்கள். ரோம் நகரத்துக் கொலோசியத்தில் சக் நாரிஸோடு ஒற்றைக்கு ஒற்றை மோதல். கை கால் ஒடிந்த எதிரியிடம் போதும் என்று கண்ணாலும் தலையசைப்பாலும் சொல்லிப் பார்க்கிறார் லீ. அவன் கேட்காமல் பாய்ந்து உயிரை விட்டபின், அவனுடைய அங்கியையும் கறுப்புப் பட்டையையும் எடுத்து வந்து உடலைப் போர்த்திவிட்டு மண்டியிடுகிறார். வென்றவன் தோற்றவனுக்குத் தரும் மரியாதை அது. வலிமையோடு அடக்கமும் சேர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்குக் கிடைத்த பாடங்களில் இதுவும் ஒன்று. நம் பையன்களிடமிருந்து மறைக்க வேண்டியது எது, அவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியது எது என்று தெரிந்துகொள்ளவாவது பெரியவர்கள் சண்டைக் காட்சியைக் கவனித்துப் பார்க்கக் கற்க வேண்டும்.

எல்லாம் கயிறும் டூப்பும்தானே, இதில் என்ன உண்மை என்று வேறு சிலர் கேட்பார்கள். கயிறு இருக்கிறது; டூப்பும் இருக்கிறார்கள். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா' (1991) படத்தில் கிடங்குக்குள் ஏணிகள்மேல் நடக்கும் புகழ்பெற்ற சண்டையில் கயிறும் உதவியது. ஜெட் லீக்குக் காலில் அடிபட்டிருந்ததால் மாற்றுக் கலைஞரும் உதவினார். அதனால் அந்தச் சண்டை பொய்யாகிவிடவில்லை. ஏணி சாய்ந்தால் ஆளும் சாய்கிறான். ஒருவன் ஏணியைத் திருப்பினால் அதன் மறுமுனையில் நிற்பவன் தடுமாறுகிறான். ஒவ்வொரு அசைவுக்கும் காரணமும் விளைவும் இருப்பதால் எடையும் சமநிலையும் நமக்கு உறைக்கின்றன. மேடையில் ராவணன் வேடம் கட்டியவருக்கு உண்மையில் பத்துத் தலை இல்லை என்று யாரும் எழுந்து போவதில்லை. கலைக்குள் ஒரு விதியை வகுத்துக்கொண்டு கடைசிவரை அதை மீறாமல் இருப்பதே கலையின் உண்மை. நம் படங்களில் கயிறு உறுத்துவதற்குக் காரணம் கயிறு இல்லை. எந்த விதிக்கும் கட்டுப்படாமல் அதை இழுப்பதுதான்.

கதை மெலிந்து கிடக்கிறது என்ற குறை ஓரளவு நியாயமானது. பழிவாங்கல் கதைகளுக்குக் கான்டனீஸ் சினிமாவில் பஞ்சமே இல்லை. ஆனால் நல்ல படங்களில் கதையின் பெரும்பகுதி சண்டைக்குள் இருக்கிறது. டோனி யென் நடித்த 'இப் மேன்' (2008) படத்தின் தொடக்கத்தில், வீட்டுக்கு வந்த ஆசானோடு இப் மேன் கதவைச் சாத்திக்கொண்டு மோதுகிறார். அடி எதுவும் எதிராளியைக் காயப்படுத்துவதில்லை. விருந்தோம்பலின் தொடர்ச்சியாகவே அந்தச் சண்டை நடக்கிறது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது நண்பர்களைக் கொன்றவர்கள்முன் பத்துப் பேரை எதிர்த்து அவர் நிற்கும்போது அதே கைகள் எலும்பை முறிக்கின்றன. பண்பான ஒரு மனிதனைப் போர் என்னவாக ஆக்கிவிட்டது என்பதை ஒரு வரி வசனம் இல்லாமல் அந்த வேறுபாடே சொல்லிவிடுகிறது. சண்டைக் காட்சியைத் தாண்டி ஓட்டிவிட்டுப் படம் பார்ப்பவர், அந்தப் படத்தின் முக்கியமான பக்கத்தையே கிழித்துவிட்டுப் படிக்கிறார்.

உடலைப் பணயம் வைக்கும் கலையை ரசிப்பது நியாயமா என்ற கேள்விதான் என்னைப் பொறுத்தவரை மிகக் கடினமானது. 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்த ஜாக்கி சானின் மண்டையோடு உடைந்தது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் தமிழ்ப் படம் ஒன்றுக்காகக் காரைப் பாய்ச்சிய மூத்த சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். எந்தக் காட்சியும் ஓர் உயிருக்கு ஈடாகாது. காப்புறுதி, பாதுகாப்பு மேற்பார்வை, போதிய ஒத்திகை ஆகியவை சலுகைகளாக இல்லாமல் நிபந்தனைகளாக இருக்க வேண்டும். ஆனால் இந்த உயிர்களைக் காக்கும் வழி சண்டையைப் புறக்கணிப்பதில் இல்லை. அதை மதிப்பதில் இருக்கிறது. ஹாங்காங் 1983-இலேயே விருது தந்து மதித்த இந்தத் தொழிலுக்கு இந்தியத் தேசிய விருதில் இடம் கிடைக்க 2017 ஆயிற்று. அதை முதலில் பெற்றவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்காரில் இதற்கான விருது 2028-இல்தான் தொடங்கப்போகிறது. பெயர் தெரியாத தொழிலாளிக்குத்தான் பாதுகாப்பு கடைசியாக வந்து சேருகிறது. யார் விழுந்தார், யார் அமைத்தார் என்று கேட்கும் ரசிகர் கூட்டம் பெருகினால் தயாரிப்பாளர்களும் அந்தப் பெயர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டி வரும். அதோடு, ஐம்பது பேரைப் பறக்கவிடும் காட்சியைவிட, இரண்டு பேர் பல நாள் ஒத்திகை பார்த்து நெருக்கமாக மோதும் காட்சியில் ஆபத்தும் குறைவு, கலையும் அதிகம்.

நம்மால் இது முடியும் என்பதற்கு 'சார்பட்டா பரம்பரை' (2021) சாட்சி. வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்ன அந்தப் படத்தில் நடிகர்கள் உடம்பைப் பழக்கிக்கொண்டு வளையத்துக்குள் இறங்கினார்கள். டான்சிங் ரோஸாக வந்த ஷபீர் கல்லரக்கலின் கால்கள் ஒரு சுற்று முழுவதும் தரையில் கோலம் போட்டன. அவருடைய குத்து எங்கிருந்து வரும் என்று நாமும் நாயகன் கபிலனோடு சேர்ந்து தேடினோம். தோற்றவர் டான்சிங் ரோஸ்தான். மக்கள் கொண்டாடியது அவரைத்தான். எதிராளியை உண்மையான திறமைசாலியாகக் காட்டினால் நாயகனின் மதிப்பும் கூடும் என்பதைத் தமிழ் ரசிகர்கள் அன்று கைதட்டிச் சொன்னார்கள். எனவே மக்கள் கேட்பதைத்தான் தருகிறோம் என்ற சாக்கு இனிச் செல்லாது.

மலேசியத் தமிழ்ப் படைப்பாளிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 'ஜகாட்' (2015) படத்தை எடுத்த நாடு இது. நம் தோட்டத்து வாழ்வையும் கும்பல் வன்முறையையும் மினுக்கில்லாமல் காட்டத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். சிலம்பம் சொல்லித்தரும் ஆசான்களும் இருக்கிறார்கள். நல்ல சண்டைக்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. கற்ற இரண்டு உடம்பும், ஒத்திகைக்குப் போதிய நாளும், தள்ளி நிற்கத் துணிந்த கேமராவும் போதும். ஒரு கம்புச் சண்டையை வீச்சும் காலடியும் தெரியும்படி எடுத்துக் காட்டுங்கள். ரசிகர்களாகிய நாமும் நம் பங்கைச் செய்ய வேண்டும். அடுத்த தமிழ்ப் படத்தில் சண்டை வரும்போது மூன்றே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: அடி விழுந்ததைக் கண்ணால் பார்த்தேனா? நாயகன் தோற்கக்கூடும் என்று ஒரு நொடியாவது நம்பினேனா? இதை அமைத்தவர் பெயர் எனக்குத் தெரியுமா? மூன்றுக்கும் இல்லை என்பது பதிலானால் கைதட்டலை நிறுத்திக்கொள்ளுங்கள். கைதட்டல் கிடைக்காத இடத்தில் எந்த எதிரியும் நெடுநாள் விழுந்து கொடுக்க மாட்டான்.